குறியில்லாத பசு

நெடுந்தீவு மேற்கில் அவளுக்குச் சீதேவி என்று பெயர். ஊர்காவற்றுறையில் அவளுக்குப் பெயரே இல்லை. "நெடுந்தீவு நெய்" என்று கூப்பிடுவார்கள். தலையிலுள்ள நெய் முட்டியைக் கூப்பிடுகிறார்களா, முட்டியைச் சுமப்பவளைக் கூப்பிடுகிறார்களா என்று அவள் யோசிப்பதில்லை. கூப்பிட்ட வாசலில் நிற்பாள், அளந்து ஊற்றுவாள், நடப்பாள்.

புருசன் தம்பையா 1933ஆம் ஆண்டு மாரியில் காய்ச்சலில் போனான். பிள்ளைகள் இல்லை. தகப்பன் சீதனமாகத் தந்த பசுக்கள் இருந்தன. அதன் பிறகு மூன்று வருடம் அவள் வாழ்ந்தாள் என்று சொல்வதற்கில்லை. கறந்தாள், கடைந்தாள், உருக்கினாள். சனிக்கிழமைகளில் படகோட்டி சவிரிமுத்துவின் பாய்வத்தையில் தன் நெய்யையும் அயல் வீட்டு நெய்யையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனாள். தாலி அறுத்தவளுக்கு இவ்வளவு போதும் என்று ஊர் தீர்மானித்திருந்தது. அவளும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நெய் பத்து மணிக்குள் விற்றுவிடும். வத்தை திரும்புவது காற்றைப் பொறுத்தது. அதுவரை துறைமுகத்துப் பூவரசின் கீழ் குந்தியிருப்பாள். 1936 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அங்கே மழை பிடித்தது. எதிரே இருந்த பழைய அரிசிக் கிட்டங்கியின் கதவு திறந்திருந்தது. ஓடி உள்ளே போனாள்.

உள்ளே அரிசி இல்லை. வெள்ளை அடித்த சுவர்களில் படங்கள் தொங்கின.

மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியிருந்த தியாகலிங்கம் அந்தக் கிட்டங்கியை வாங்கிச் சித்திரக்கூடம் ஆக்கியிருந்தார். பாதிப் படங்கள் அவர் கப்பலில் கொண்டுவந்தவை. மற்றப் பாதி, அவர் முகாமையாளராக இருந்த பள்ளிக்கூடத்தின் சித்திர மாஸ்டர் பாலசிங்கம் வரைந்தவை. சனிக்கிழமைகளில் கூடம் திறந்திருக்கும். காசு இல்லை. கதவில் ஒரு பலகை: "யாரும் வரலாம்." யாரும் என்று எழுதியபோது அவர் யார் யாரை நினைத்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு கொப்பி. வருகிறவர்கள் பெயர் எழுத வேண்டும். மேசைக்குப் பின்னால் பாலசிங்கம் இருந்தார்.

"பேர் எழுதத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப விரலைப் பதியுங்கோ. மை கிடக்கு."

அவள் விரலைக் கொடுக்கவில்லை. புருசன் செத்தபோது எத்தனையோ கடதாசிகளில் அந்த விரலைப் பிடித்து வைத்தார்கள். என்ன கடதாசி என்று ஒருவரும் சொல்லவில்லை. பேனையை வாங்கி, பிறை போல ஒரு வளைவு போட்டு, அதைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு இழுத்தாள்.

"இதென்ன?"

"எங்கடை மாட்டுக் குறி. அப்பு சுட்டுத் தந்த பசுக்கள் எல்லாத்திலையும் இதுதான். இதைப் பாத்தால் நெடுந்தீவிலை நான் ஆரெண்டு தெரியும்."

பாலசிங்கம் சிரிக்கவில்லை. கொப்பியைத் திருப்பி வைத்துக் குறியைப் பார்த்தார். "வடிவாய்க் கிடக்கு" என்றார்.

அன்று அவள் பார்த்தது ஒரே ஒரு படம். மழை விட்ட பிறகு ஒரு கல்வேலி. ஆள் இல்லை, மாடு இல்லை. முருகைக்கல்லை அடுக்கிய வேலி, அதன் நிழல். நெடுந்தீவில் அப்படி ஆயிரம் வேலி உண்டு. இதற்கு ஏன் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நிற்க நிற்க நிழல் கறுப்பாக இல்லை. நீலமாக இருந்தது. மாஸ்டர் பிழை விட்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் காலையில் தன் வளவு வேலிக்கு முன்னால் போய் நின்று பார்த்தாள். நிழல் நீலந்தான்.

அடுத்த சனி வத்தையில் சவிரிமுத்துவிடம் சொன்னாள். "நாப்பது வருசம் அந்த வேலிக்குப் பக்கத்திலைதான் சீவிச்சனான். நிழல் நீலமெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை அண்ணை."

"சொல்லியிருந்தால் என்ன, நெய் கூடுதலாய் வித்திருக்குமோ?"

"விக்காது. ஆனால் ஆத்திரமாய்க் கிடக்கு."

"நிழலோடை கோவிச்ச முதல் ஆள் நீதான்" என்று சவிரிமுத்து பாயை இழுத்துக் கட்டினான்.

பிறகு ஒரு சனியும் அவள் பூவரசின் கீழ் குந்தியிருக்கவில்லை. முட்டிகளைக் கதவுக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு, கொப்பியில் பிறையும் கோடும் போட்டுவிட்டு உள்ளே போவாள். ஒரு நாளைக்கு ஒரு படம். புயலில் கப்பல். சன்னலோரம் மீன் செதில் சுரண்டும் வெள்ளைக்காரக் கிழவி. தண்ணீருக்குள் நிற்கும் கடற்கோட்டை. மீன் சுரண்டும் கிழவியின் முழங்கையைப் பார்த்துவிட்டு வந்து, அயலில் அல்போன்சம்மா மீன் வெட்டும்போது முழங்கையைப் பார்த்தாள். அதே திருப்பம்.

வீட்டில் தம்பையா செத்த வருடம் சரிந்த வேலி சரிந்தபடியே கிடந்தது. ஒரு கிழமை முழுக்கக் கல் சுமந்து அதைக் கட்டினாள். ஊர்காவற்றுறையில் ஒரு வாசலில் "நெடுந்தீவு நெய்" என்று கூப்பிட்டபோது நின்று, "என்ரை பேர் சீதேவி" என்றாள். கூப்பிட்ட அம்மாவுக்கு முகம் சுருங்கியது. நெய் மட்டும் வாங்கினாள். அடுத்த கிழமை அந்த அம்மா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

தியாகலிங்கம் ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பிறையும் கோடும்.

"இதென்ன பாலசிங்கம்? மாட்டுக் குறி போட இது பட்டியே?"

"அவவின்ரை கையெழுத்து அது, ஐயா."

"நாளைக்கு ஒரு துரை வந்து கொப்பியைப் பாத்தால் என்ன நினைப்பான்?"

துரை ஒருவரும் அந்த வருடம் வரவில்லை. சீதேவி ஐம்பது சனி வந்தாள்.

1937 சித்திரை விடுமுறையில் பாலசிங்கம் தூரிகைகளோடு நெடுந்தீவுக்கு வந்தார். சீதேவி கட்டிய வேலியைப் பார்த்தார். அதற்கு முன்னால் அவளுடைய செவலைப் பசுவை நிறுத்தச் சொன்னார். மூன்று காலை அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். படம் முடிந்ததும் பார்த்தாள். பசு அப்படியே பசுதான். வேலியில் ஒவ்வொரு கல்லும் இருந்தது. கயிறு படத்தின் ஓரம்வரை போய் முடிந்தது. அதைப் பிடித்தவள் படத்தில் இல்லை. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று பட்டது.

"மாஸ்டர், குறியை விட்டிட்டியள்."

பசுவின் இடது பின்தொடையில் பிறையும் கோடும் இருக்க வேண்டிய இடம் வழுவழுப்பாக இருந்தது.

"சுட்ட வடுத்தானே. தோலின்ரை வடிவைக் கெடுக்கும் எண்டு விட்டனான்."

"நீங்கள் கண்டதைத்தான் கீறுவியள் எண்டு சொன்னனீங்கள்."

"எல்லாத்தையும் கீற ஏலாது, சீதேவி."

அவள் சிரித்தாள். "சரி, அப்ப இது உங்கடை பசு" என்றாள். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

படம் "நெடுந்தீவுப் பசு" என்ற பெயரோடு கூடத்தின் நடுச்சுவரில் ஏறியது. பார்த்தவர்கள் கல்லை எண்ணலாம் என்றார்கள். நெடுந்தீவிலிருந்து காரியமாக வந்த ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். ஊர் அதிகாரியான விதானையார் சரவணமுத்து பார்த்தார். தம்பையாவின் தம்பி இளையதம்பியும் பார்த்தான்.

1938இல் வானம் பொய்த்தது. நெடுந்தீவில் புல் கருகியது. மாடுகள் வேலியோரங்களில் விழுந்தன. சீதேவியின் பசுக்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகச் செவலை போனது. "நீர் பெண்பிள்ளை, பாக்க ஏலாது" என்று இளையதம்பி வந்து தோலை உரித்துக்கொண்டு போய் விற்றான். உதவி என்றுதான் அவள் நினைத்தாள். மிஞ்சியவை செவலை ஈன்ற இரண்டு இளம் நாகுகள் மட்டும். இன்னும் குறி சுடாதவை.

தாயின் குறியே கன்றுக்கு. நெடுந்தீவில் பட்டி வைத்திருக்கிறவன் எவனும் இதை மறுக்கமாட்டான். குறியில்லாத மாடு பிடித்தவனுக்கு. இதையும் எவனும் மறுக்கமாட்டான். அடுத்த பங்குனியில் மாடுகளைப் பட்டியில் அடைத்துக் குறி சுடத் தொடங்கியபோது, இளையதம்பி தன் சூட்டுக்கோலோடு அந்த நாகுகளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"இது அண்ணையின்ரை மாட்டின்ரை கண்டுகள். அண்ணைக்குப் பிறகு எனக்கு."

"செவலை என்ரை சீதனம்" என்றாள் சீதேவி. "அப்புவின்ரை குறி அதிலை இருந்தது."

"எங்கை இருந்தது? அது அண்ணை காசு குடுத்து வாங்கின பசு. குறி சுடாமலே விட்டது."

விதானையார் சுற்றி நின்றவர்களைக் கேட்டார். பதினைந்து வருடம் அந்தப் பசுக்களை வேலிக்கு மேலால் பார்த்தவர்கள். ஒருவர் நிலத்தைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஞாபகமில்லை" என்றார்கள். அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத கிணறு ஒன்றுதான். அது இளையதம்பியின் வளவில் இருந்தது. ஒரு வருட வறட்சியில் அவர்களுக்கு எது ஞாபகமிருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதைக் கிணறு கற்றுக்கொடுத்திருந்தது. பழைய விதானையார் காலத்து மாட்டு உரிமைத் துண்டுகளைக் கறையான் தின்றிருந்தது.

"ஏன் வீண் கதை?" என்றான் இளையதம்பி. "ஊர்காவற்றுறைச் சித்திரக்கூடத்திலை அந்தப் பசுவின்ரை படம் கிடக்கு. ஐயாவும் பாத்தனீங்கள். கல்லுக் கல்லாய்க் கீறின மாஸ்டர் குறியை மட்டும் காணாமல் விட்டிருப்பாரோ? மச்சாள்தானே கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவவுக்குப் படத்திலை பிழையெண்டால் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

அங்கே இருந்தவர்கள் யாவரும் மாடு வளர்க்கிறவர்கள். குறியை ஒருவன் வடிவுக்காக விட்டுவிடுவான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டாத காரியம். ஆளை வரைந்து தலையை விடுவானா? விதானையாரும் தலையை ஆட்டினார். அவருக்கும் அந்தப் படத்தில் குறி கண்ட ஞாபகமில்லை. ஆனால் அவர் ஒரு நியாயம் வைத்தார்.

"மாஸ்டரிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாரும். பசுவிலை குறி இருந்தது, தான்தான் விட்டனான் எண்டு. ரண்டு சனிக்கிழமை தாறன். அதுக்குள்ளை வராட்டில் இளையதம்பி சுடட்டும்."

அடுத்த சனி அவள் அயல் வீட்டு நெய்யைக்கூட விற்கவில்லை. முட்டிகளோடு நேரே கூடத்துக்குப் போனாள். பாலசிங்கம் கேட்டதும் கடதாசி எடுத்தார். பேனையும் எடுத்தார். அப்போது உள் அறையிலிருந்து தியாகலிங்கம் வந்தார்.

கொழும்பில் ஒரு சித்திரக் கண்காட்சிக்கு "நெடுந்தீவுப் பசு" தெரிவாகியிருந்தது. அடுத்த சனி அதை வழியனுப்ப ஒரு தேநீர் விருந்து. அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. அதில் படத்தைப் பற்றி ஒரு வரி: "கண்டதைக் கண்டபடி."

"இதை அச்சடிச்சு அனுப்பினாப் பிறகு, கண்டபடி கீறேல்லை எண்டு நீர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறீரோ?" என்று பாலசிங்கத்தைக் கேட்டார்.

"ஐயா, ரண்டு மாடு அவவுக்கு..."

"மாடு வேணுமெண்டால் விதானையிட்டைப் போகட்டும். இது கூடம்." பிறகு அவளைப் பார்த்தார். "உனக்கு இங்கை இவ்வளவு நாள் இடம் தந்தது போதாதோ? அடுத்த சனி வராதை. பெரிய ஆக்கள் வருகினம்."

பாலசிங்கம் பேனையை மூடினார். பள்ளிக்கூடத்துக்கு முகாமையாளர் தியாகலிங்கம். மாஸ்டரின் சோறு அங்கே இருந்தது. ஒருவனுடைய கிணற்றில் ஊர் வாய் மூடியது. ஒருவருடைய பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் வாய் மூடினார். தண்ணீரும் சம்பளமும் வேறு வேறு என்று படித்தவர்கள்தான் நினைக்கிறார்கள்.

விற்காத முட்டிகளை அணைத்துக்கொண்டு அவள் வத்தையில் குந்தியிருந்தாள். கரை தெரியும்போது சவிரிமுத்துதான் கேட்டான். "அப்ப நாகுகளை விடப்போறியோ?"

"அண்ணை, அந்தப் படங்களைப் பாக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பன்."

"பாத்ததாலை என்ன?"

"பாத்தாப் பிறகு இல்லையெண்டு சொல்ல ஏலாது. எனக்குத் தெரியும் அந்தக் குறி தொடையிலை எந்த இடமெண்டு. அவருக்கும் தெரியும்."

மறு சனி கூடத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். வேலணையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நெடுந்தீவுப் படம் என்பதால் நெடுந்தீவு விதானையாருக்கும் அழைப்பு. அவர் சரிகைச் சால்வையோடு முன்வரிசையில் இருந்தார். பின்பக்கத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டித் தேநீர் கொதித்தது. தியாகலிங்கம் எழுந்து படத்தைப் பற்றிப் பேசினார். தீவின் ஏழை மக்களின் உள்ளத்தை இந்தப் படம் பேசுகிறது என்றார். கயிற்றின் முனையில் ஒரு ஏழை நிற்பதை நாம் உணர்கிறோம் என்றார். கைதட்டினார்கள்.

சீதேவி அடுப்படிப் பக்கத்தால் வந்தாள். அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்திருந்தாள். முதலில் வாசல் மேசைக்குப் போனாள். கொப்பியில் பிறையும் கோடும் போட்டாள். வந்தவள் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு கதிரைகளுக்கு நடுவால் நடந்து நடுச்சுவருக்குப் போனாள். எண்ணெய் வர்ணப் படம், கண்ணாடி இல்லை. பசுவின் இடது பின்தொடையில் கரியை வைத்து ஒரு பிறை இழுத்தாள். குறுக்கே ஒரு கோடு. அந்தக் கொப்பியில் இரண்டு வருடம் பழகிய கை.

ஒரு கதிரை பின்னுக்கு விழுந்தது.

"பிடியுங்கோ அவளை" என்றார் தியாகலிங்கம். "கொழும்புக்குப் போற படம். நாசமாக்கிப் போட்டாள்."

ஒருவன் அவள் கையைப் பிடித்தான். பாலசிங்கம் அவனுக்கு முன்னால் போய்ப் படத்தைப் பார்த்தார். கரிக் குறியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மூன்று காலை வெயில் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இடம் சரியில்லை" என்றார். "இன்னும் ரண்டு விரல் கீழை."

சீதேவியின் விரலிலிருந்து கரியை வாங்கி, இரண்டு விரல் கீழே அவரே போட்டார். பிறை, கோடு.

"இருந்தது," என்று முன்வரிசையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் விட்டனான். வடிவுக்காக."

விதானையார் சால்வையைச் சரிசெய்தார். தேநீர் இன்னும் வரவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "என்ரை காதாலை கேட்டனான்" என்றார். இனிக் கடதாசி தேவையில்லை. அது போதும்.

பங்குனி முடிவதற்கு முன் பட்டியில் நெருப்பு மூட்டினார்கள். பெண்கள் குறி சுடுவதில்லை. அப்புவின் துருப்பிடித்த சூட்டுக்கோலை மண்ணில் தேய்த்து எடுத்துக்கொண்டு சீதேவி தானே வந்தாள். இரண்டு பேர் நாகைப் பிடித்தார்கள்; இரண்டு பேரும் மூன்று கிழமைக்கு முன் ஞாபகமில்லை என்றவர்கள். கோல் பட்டதும் மயிர் பொசுங்கி மணத்தது. இளையதம்பி தூரத்தில் நின்று, "பொம்பிளை சுட்ட குறி நிக்குமோ பாப்பம்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனுடைய கிணற்றில் அன்றைக்கும் தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது. அதனால் அவனை மறுத்தும் பேசவில்லை.

படம் கொழும்புக்குப் போகவில்லை. கரியைத் துடைத்திருக்கலாம். ஈரத் துணியால் ஒரு நிமிட வேலை. துடைக்கச் சொன்னபோது பாலசிங்கம் முடியாது என்றார். அடுத்த தவணைக்கு அவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கவில்லை. கண்காட்சிக்குக் கடற்கோட்டைப் படத்தை அனுப்பினார்கள். அதில் பசுவும் இல்லை, மனிதரும் இல்லை, வழக்கும் இல்லை. அதற்கு வந்த பாராட்டுக் கடிதத்தைத் தியாகலிங்கம் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

குறி சுட்ட பிறகு வந்த முதல் சனி, சீதேவி முட்டிகளைக் கவிழ்த்து வைக்கக் குனிந்தபோது கதவில் பலகை மாறியிருப்பதைக் கண்டாள். பழையது சின்னப் பலகை. இது பெரியது, எழுத்தும் அதிகம். துறையிலிருந்து சவிரிமுத்துவைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னாள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"நெய், மீன், கருவாடு முதலியன விற்போர் உள்ளே வருதல் ஆகாது."

"இன்னொருக்கா வாசி அண்ணை."

வாசித்தான்.

"உது ஆருக்கு எழுதிக் கிடக்கு?"

"உனக்குத்தான். வேறை ஆருக்கு?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு அவைக்குத் தெரியும். ரண்டு வருசக் கொப்பி கிடக்கு. வாசிக்கத் தெரியாதவளுக்கு ஆரும் பலகை எழுதுவினமோ?"

"சீதேவி, வம்புக்குப் போகாதை. காத்து எழும்பப் போகுது."

"எழும்பினால் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மேசைக்குப் பின்னால் புது ஆள் ஒருவர் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். மீண்டும் கதிரையில் இருந்தார். அவள் கொப்பியை இழுத்துத் தன் குறியைப் போட்டாள். நடுச்சுவரில் "நெடுந்தீவுப் பசு" இருந்த இடம் மட்டும் நாற்சதுரமாக மற்றச் சுவரைவிட வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால், வழக்கமாக ஒரு படத்துக்கு நிற்கும் அளவு நேரம் நின்றாள். பிறகு கல்வேலிக்குப் போனாள்.

வெளியே சவிரிமுத்து கூப்பிட்டான். அவள் உடனே போகவில்லை. வேலியின் நிழலில் நீலத்துக்குள் கொஞ்சம் சிவப்பும் இருந்தது. அதை இவ்வளவு நாளும் அவள் கண்டிருக்கவில்லை.